சூப்பர் ஹீரோவையும் வில்லனையும் உருவாக்கப் போய் நான் பட்ட பாடு

தமிழில் ஒரு ஃபேண்டசி நாவல் எழுத வேண்டும், அதில் அசாத்திய சக்தியோடு ஒரு ஹீரோ வேண்டும், அவனுக்கு ஈடுகொடுக்க ஒரு வில்லன் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கும் அதே ஆசைதான். அந்த ஆசையில் ஐந்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது, கையில் இருந்து ஐம்பதாயிரம் ரூபாயும் போனது. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்த பிறகுதான் எனக்கு எழுதும் நேரம். குடும்பக் கதை எழுதுகிறவர்களுக்குச் சந்தேகம் கேட்க நாலு பேராவது கிடைப்பார்கள். சக்தி, மந்திரம், பறக்கிற மனிதன் என்று ஆரம்பித்தால் "சின்னப் பிள்ளைகளுக்கா எழுதுறீங்க?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். அப்படி முடிந்த பேச்சுகளால் நான் பலமுறை மனம் வாடியிருக்கிறேன். யாராவது முன்னாடியே இதையெல்லாம் சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் முதல் ஹீரோவின் பெயர் அக்னிவேல். நெருப்பைக் கையில் எடுப்பான், பறப்பான், அடுத்தவர் மனசைப் படிப்பான், காயம் பட்டால் அதுவே ஆறிவிடும். ஒவ்வொரு சக்தியையும் எழுதும்போது அப்படி ஒரு சந்தோஷம். பத்தாவது அத்தியாயம் வந்ததும் கதை நகரவில்லை. வழிப்பறிக்காரர்கள் வந்தால் எரித்துவிடுகிறான். படை வந்தால் பறந்து போய்விடுகிறான். கூடவே இருந்து காட்டிக்கொடுக்கும் நண்பன் ஒருவனை வைத்திருந்தேன். மனசைப் படிக்கத் தெரிந்தவன் பக்கத்தில் துரோகி எப்படி இருக்க முடியும்? அந்த அத்தியாயத்தில் மட்டும் அக்னிவேலுக்குக் கடும் காய்ச்சல், அதனால் மனசைப் படிக்க முடியவில்லை என்று எழுதிவைத்தேன். அடுத்த அத்தியாயத்தில் இன்னொரு சாக்கு வேண்டியிருந்தது. எதிரியின் பலத்தைக் கூட்டினேன். அதைச் சமாளிக்க ஹீரோவுக்கு இன்னொரு சக்தி கொடுத்தேன். அப்படியே நானூறு பக்கம் வந்துவிட்டது. படித்த ஒருவருக்கும் ஓர் இடத்தில்கூட அக்னிவேலுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் வரவில்லை. நாலு பேர் படித்தார்கள், நாலு பேரும் "நல்லா இருக்கு" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில்தான் பழைய சூப்பர் ஹீரோக்கள் எப்படி உருவானார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1938-இல் சூப்பர்மேன் முதன்முதலாக அச்சில் வந்தபோது அவனுக்குப் பறக்கவே தெரியாது. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாண்டுவான், அவ்வளவுதான். பறப்பது பிறகு வந்தது. சக்தி ஏற ஏற அவனை எதுவும் செய்ய முடியாத நிலை வந்தது. அவனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் கல் 1943-இல் முதலில் வானொலித் தொடரில் நுழைந்தது, காமிக்ஸுக்கு அதற்கப்புறம்தான் போனது. அத்தனை பெரிய பாத்திரத்துக்கே கடிவாளம் போட ஒரு கல்லைத் தேட வேண்டியிருந்திருக்கிறது என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நம் பக்கத்திலேயே இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. சிவகாசியில் இருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. ஆங்கிலத்தில் இருந்து வந்த பாத்திரம்தான், ஆனால் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக நினைத்து வளர்ந்தது. விபத்தில் ஒரு கையை இழந்தவர், அந்த இடத்தில் இரும்புக்கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுவதும் மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் தெரியும். இந்த ஒரு விதியில் எவ்வளவு கதை இருக்கிறது பாருங்கள். மறைய வேண்டும் என்றால் மின்சாரத்தைத் தேடிப் போக வேண்டும். மறைந்த பிறகும் கையை எங்காவது ஒளித்து வைக்க வேண்டும். சக்தி கிடைத்ததே ஒரு கை போனதால்தான். சக்தி, அதன் விலை, அதில் உள்ள ஓட்டை மூன்றும் ஒரே பொருளில் இருக்கின்றன. அக்னிவேலின் நெருப்புக்கு எந்த விலையும் இல்லை. அதனால்தான் அந்த நெருப்பு யாரையும் சுடவில்லை.

எழுத உட்காருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் ஹீரோவுக்கு என்ன முடியும் என்று ஒரு பக்கம் எழுதினால், அதைச் செய்யும்போது அவன் உடம்பில் இருந்தோ வாழ்க்கையில் இருந்தோ என்ன போகிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். அந்தச் சக்தி எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், யார் முன்னால் வேலை செய்யாது என்பதையும் எழுதுங்கள். அந்த ஓட்டை யாருக்கெல்லாம் தெரியும் என்பதும் முக்கியம். ஹீரோவுக்குத் தெரிந்து, வில்லனுக்குத் தெரியாமல், நடுவில் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அந்த ஆளை வைத்தே பாதிக் கதை ஓடும்.

பணம் போன கதைக்கு வருகிறேன். அக்னிவேல் கதையின் முதல் வடிவம் முடிந்த கையோடு, பாத்திரங்களைப் படமாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல். ஓவியர் ஒருவரைப் பிடித்து, அக்னிவேல், வில்லன், இன்னும் மூன்று பேர் என ஐந்து வண்ணப் படங்கள் வரையச் சொன்னேன். பதினெட்டாயிரம் ரூபாய். படங்கள் அருமையாக வந்தன, அவர் மேல் ஒரு குறையும் இல்லை. அதே சமயத்தில் பிழை திருத்துகிறவர் ஒருவருக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்து நானூறு பக்கத்தையும் சந்தி, ஒற்றுப்பிழை எல்லாம் பார்த்து வாங்கினேன். ஒரு வருஷத்தில் அந்தக் கதையே மாறிவிட்டது. ஐந்து பாத்திரங்களில் ஒருவர்கூட மிச்சம் இல்லை. ஒற்று சரியாகப் போட்ட நானூறு பக்கம் அலமாரியில் இருக்கிறது. அந்த முப்பதாயிரம் என் இரண்டு வருஷத்துச் சீட்டுப் பணம். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குக் கனமாக இருந்தது.

கதை முழுதாக முடிந்து, வெளியாட்கள் படித்து, பாத்திரங்கள் இனி மாற மாட்டார்கள் என்று உங்களுக்கே உறுதியாகத் தெரியும் வரை ஓவியத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தே தீர வேண்டும் என்றால் பென்சிலில் ஒரு சின்னப் படம் வரைந்து வாங்கினால் போதும். பிழை திருத்தம் கடைசி வேலை, அதற்கு முன்னால் கதையை மட்டும் பார்த்துச் சொல்லும் ஆள்தான் தேவை. ஓவியரோடு பேசும்போது படம் யாருக்குச் சொந்தம், அட்டையில் மட்டுமா, விளம்பரத்துக்கும் பயன்படுத்தலாமா, அவர் பெயர் எங்கே வரும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு உள்ள பில் ஃபிங்கர் 1974-இல் இறந்துபோனார். படைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் முறையாக வர ஆரம்பித்தது 2015-இல்தான். நம் ஓவியருக்கோ, கூட உட்கார்ந்து யோசித்த நண்பருக்கோ அப்படி ஒரு வருத்தம் நம்மால் வரக் கூடாது.

அடுத்து வில்லன். என் முதல் வில்லன் இருளரசன். கறுப்பு அங்கி, சிவந்த கண், உலகத்தை அழிக்க வேண்டும் என்ற வெறி. அக்கா மகன் அப்போது பத்தாம் வகுப்பு. நாலு அத்தியாயம் படித்துவிட்டு, "சித்தி, இவன் உலகத்தை அழிச்சிட்டு எங்க போய் இருப்பான்?" என்று கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. இருளரசன் காலையில் எழுந்தால் என்ன செய்வான், யாரோடு சாப்பிடுவான், எதை இழந்தால் அழுவான் என்று எதுவுமே நான் யோசித்திருக்கவில்லை. ஹீரோவுக்காக ஒரு நோட்டு முழுக்க எழுதியிருந்தேன், வில்லனுக்கு அரைப் பக்கம்கூட இல்லை.

அந்த ஐப்பசியில் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போனோம். சின்ன வயசில் இருந்து பார்க்கிற சூரசம்ஹாரம்தான், இந்த முறை வில்லனைப் பார்க்கத்தான் போனேன் என்றே சொல்லலாம். கடற்கரையில் கால் வைக்க இடம் இல்லாத கூட்டம். சூரன் சுற்றி வருகிறான், யானைத் தலை விழுகிறது, சிங்கத் தலை வருகிறது, அதுவும் விழுகிறது, பிறகு சூரனின் சொந்தத் தலை. கடைசியில் மாமரமாக நிற்கிறான். வேல் பிளந்ததும் ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். எதிரி சாகவில்லை, ஒன்று வாகனமாகிறது, மற்றது கொடியாகிறது. இதைவிடப் பெரிய முடிவை எந்த வில்லனுக்கு யார் எழுதிவிட முடியும்? அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது சிங்கமுகன். தேவர்களைச் சிறையில் வைத்தது தவறு, விட்டுவிடு என்று அண்ணனிடம் எடுத்துச் சொல்லும் ஆள் அவன். கந்தபுராணத்தில் அது வருகிறது. அண்ணன் கேட்கவில்லை. ஆனாலும் அண்ணனுக்காகவே போருக்குப் போய் மடிகிறான். தவறு என்று தெரிந்தும் தவறின் பக்கம் நிற்கும் ஒருவனை நம் ஊர்க் கடற்கரையில் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டே, எழுதும்போது மட்டும் எங்கிருந்தோ கறுப்பு அங்கியைக் கொண்டுவந்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு பயிற்சி செய்தேன். எல்லோருக்கும் சொல்கிறேன், செய்து பாருங்கள். வில்லன் தன் பக்க நியாயத்தைக் கலெக்டரிடம் மனுவாகக் கொடுத்தால் எப்படி எழுதுவானோ அப்படி ஒரு மனு எழுதுங்கள். "ஐயா, நான் கீழ்க்கண்ட காரணங்களுக்காக..." என்று ஆரம்பிக்க வேண்டும். படிக்கிற கலெக்டர் ஒரு கணமாவது 'இவர் சொல்வது சரிதானே' என்று நினைக்க வேண்டும். இருளரசனுக்கு எழுதினேன், இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கே அவனை விட்டுவிட்டேன்.

புதுக் கதை கிடைத்தது என் அத்தையிடம் இருந்து. அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்தவர். பொழுது விடியும் முன்னாலேயே அளத்துக்குக் கிளம்பிவிடுவார். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் வெள்ளை வெளேர் என்று கண் கூசும், நிமிர்ந்து பார்க்க முடியாது. ஒருநாள் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சொம்பில் நீத்தண்ணியை எடுத்து, கல் உப்பை நல்லா ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டு, விரலாலேயே கலக்கிக் குடித்தார். பிரஷர் இருக்கிற உடம்பாச்சே, இவ்வளவு உப்பா என்று கேட்டேன். "அளத்துக்குப் போன காலத்துப் பழக்கம்ட்டி. உப்புக்குள்ளயே நிப்போம், உடம்புல உப்பு நிக்காது" என்றார். வேர்வையில் எல்லாம் போய்விடும், மதியத்துக்கு மேல் கெண்டைக்கால் இழுக்கும், தலை சுற்றும், யார் என்ன சொல்கிறார்கள் என்றே புரியாது என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஹீரோ அங்கே இருந்தாள்.

அவள் பெயர் பேச்சி. எந்த நீரில் இருந்தும் உப்பைப் பிரித்து இழுக்கக்கூடியவள். அவள் சக்திக்கு விதிகளை நான் கற்பனையாக உண்டாக்கவில்லை, உப்பளத்திலேயே இருந்தன. நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அங்கே டிகிரியில் சொல்வார்கள். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு மானியை நீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். கடல் நீர் 3 டிகிரி அளவில் இருக்கும். வெயிலில் வற்ற வற்ற ஏறி, ஏறத்தாழ 25 டிகிரி வந்ததும் உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பு வந்துவிடும், அதற்கு முன்னாலேயே மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். பேச்சிக்கும் அதே கணக்குதான். 25-இல் அவள் பலம் உச்சத்தில் இருக்கும். கோபத்தில் 30-ஐத் தாண்டிவிட்டால் அவள் தொட்ட நீர் எல்லாம் கசந்து, குடிக்க ஆகாமல் போகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் அளத்தில் வேலை இல்லை, அவளுக்கும் சக்தி இல்லை. ஒவ்வொரு முறை சக்தியைப் பயன்படுத்தும்போதும் அவள் உடம்பில் இருந்தும் உப்பு போகும். சோடியம் குறைந்தால் மனித உடம்பு என்ன ஆகும் என்பதை டாக்டர் ஒருவரிடமே கேட்டு எழுதினேன். தலைவலி, குமட்டல், தசை இழுப்பு, குழப்பம், மோசமானால் வலிப்பு, நினைவு தப்புதல். சண்டையின் நடுவில் பேச்சிக்குத் தன் தம்பியின் பெயர் மறந்துபோகும் இடத்தை எழுதியபோது எனக்கே கை நடுங்கியது. அக்னிவேலின் நானூறு பக்கத்தில் ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை.

இதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது ரொம்ப நடைமுறையானது. சக்திக்கு விதி வேண்டும் என்றால் உங்களைச் சுற்றி நடக்கும் ஏதாவது ஒரு தொழிலைப் போய்ப் பாருங்கள். தறி, பனையேற்றம், பட்டாசு, மீன்பிடி, செங்கல் சூளை, எதுவாக இருந்தாலும் அதற்குள் காலம், அளவு, ஆபத்து, விலக்கு எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். பேசியதற்கு மரியாதையாக, எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அத்தை ஒரு பக்கம் கேட்டுவிட்டு, பேச்சி நடு மத்தியானத்தில் வெறுங்காலோடு பாத்தியில் ஓடுவதாக எழுதியிருந்ததை நிறுத்தச் சொன்னார். பாத்திக்குள் யாரும் ஓட மாட்டார்களாம், அடி மண் கலங்கி உப்பு அழுக்காகிவிடும். சண்டைக்காட்சியையே மாற்றினேன். வரப்பில் மட்டும் நடந்து சண்டை போட வேண்டும் என்று வந்த பிறகு அந்தக் காட்சி இன்னும் இறுக்கமானது.

வில்லன் இப்போது ஞானதுரை. கடலோர ஊர்க்காரன். நிலத்தடி நீர் உவர்ப்பாகிப் போன ஊர் அது. அவன் அம்மா ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக இரண்டு ஊர் தாண்டி நடந்தவள். அவனுக்கு உப்பைக் கண்டாலே ஆகாது. நீரில் உள்ள உப்பை இல்லாமலே ஆக்கும் வித்தை அவனிடம் இருக்கிறது. கடலையே நன்னீராக்கிவிட்டால் யாரும் குடத்தோடு அலைய வேண்டாம் என்பது அவன் கனவு. கடல் செத்துப்போகும், மீன் போகும், அளம் போகும், அதையெல்லாம் அவன் யோசிக்கத் தயாராக இல்லை. அவனுக்கு மனு எழுதினேன், மூன்று பக்கம் வந்தது, எந்த வரியையும் அடிக்க முடியவில்லை. அவனும் பேச்சியும் முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கும் இடத்தில் சண்டையே கிடையாது. ஒரு தெருக்குழாயில் அவன் திறந்துவிட்ட முதல் நல்ல தண்ணீர் வருகிறது. பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நிற்கின்றன, பச்சை, சிவப்பு, நீலம். ஏழாவது குடம் பேச்சியின் அம்மாவுடையது. அம்மா ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்குய்யா, நீ நல்லா இருக்கணும்" என்கிறாள், ஞானதுரையைப் பார்த்து. அவனைத் தடுக்க வந்த பேச்சி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவோடு வீட்டுக்குப் போகிறாள். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

இருவருக்கும் ஒரே பொருளின் மேல் சக்தி இருந்தால் மோதல் தானாகவே கூர்மையாகிறது என்பது என் அனுபவம். ஒருவன் நெருப்பு, இன்னொருவன் காற்று என்று வைத்தால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடிப் போவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். ஒரே உப்பு என்றால், ஒருவர் ஜெயித்தால் மற்றவர் வாழ இடமே இல்லை.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நடுவில் ஒரு வடிவத்தில், கேட்க மிரட்டலாக இருக்கிறது என்று வில்லனுக்கு ஒரு நாட்டார் பெயரை வைத்திருந்தேன். அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் படித்துவிட்டு, "இது எங்க குலசாமி பேரு மேடம்" என்றார். கோபப்படவில்லை, முகம் மட்டும் வாடியது. அன்றே மாற்றிவிட்டேன். நம் பக்கத்தில் மதுரை வீரன், காத்தவராயன், முத்துப்பட்டன் என்று அநியாயமாகக் கொல்லப்பட்டு, பிறகு சாமியாகக் கும்பிடப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். வில்லுப்பாட்டில் கேட்டால் அத்தனையும் ரத்தமும் கண்ணீருமான கதைகள், ஊருக்கு ஊர் மாறும். அவற்றில் இருந்து எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. ஆனால் பெயரை அப்படியே எடுத்துக் கெட்டவனுக்கு வைக்கும் முன் அந்தப் பெயரில் யார் பொங்கல் வைக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். பேச்சி என்பதும் சாமி பெயர்தான், ஆனால் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு வைக்கும் பெயர், அவளும் நல்லவள், அதனால் யாருக்கும் வருத்தம் இல்லை.

கடைசியாகப் பதிப்பு. இதில்தான் மிச்சப் பணமும் ரொம்ப நாள் தூக்கமும் போனது. புதுக் கதை முடிந்ததும், புது எழுத்தாளர்களின் புத்தகம் போடுகிறோம் என்று விளம்பரம் செய்த ஒரு இடத்தை அணுகினேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மொத்தம் நாற்பத்தைந்தாயிரம், முன்பணம் இருபதாயிரம், அதில் அட்டை, அச்சு, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண், கடைகளுக்கு அனுப்புவது எல்லாம் அடக்கம் என்றார்கள். முன்பணம் வாங்கிய பிறகுதான் ஒப்பந்தத்தையே அனுப்பினார்கள். அதில் ஐஎஸ்பிஎன்னுக்கு என்று தனியாக மூவாயிரம் கட்டணம் போட்டிருந்தது. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி கட்டணம் இல்லாமல்தான் கொடுக்கிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அதைவிடக் கீழே ஒரு வரி இருந்தது: நாவலில் வரும் பாத்திரங்களின் சினிமா, தொடர், காமிக்ஸ், விளையாட்டு உரிமை முழுவதும் பதிப்பகத்துக்கே, நிரந்தரமாக. பேச்சியும் ஞானதுரையும் இனி என்னுடையவர்கள் இல்லை என்று அர்த்தம். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்றார். போடவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்கள், தரவும் இல்லை. போனில் அவர்கள் பேசிய தொனியை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அந்த வக்கீல் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, நீங்கள் எழுதிய உடனேயே அந்த எழுத்து உங்களுக்குச் சொந்தம், பதிவு கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும் அந்த உரிமை நிற்கும். பதிவு செய்து வைத்துக்கொள்ள விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய்தான் கட்டணம். வெறும் பெயருக்கோ வெறும் யோசனைக்கோ பதிப்புரிமை கிடையாது. 'உப்பை இழுக்கும் பெண்' என்று நாலு பேரிடம் வாயால் சொல்லிவிட்டு அது எனக்கே சொந்தம் என்று சொல்ல முடியாது, எழுதி வைத்தால்தான் பிடிப்பு. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த இடம் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களைத் தெளிவாக எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு சொற்களையும் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். அச்சு உரிமையை மட்டும், இத்தனை வருஷத்துக்கு என்று கொடுங்கள். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938-இல் 130 டாலருக்கு அந்தப் பாத்திரத்தின் மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வறுமையில் இருந்த அவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் பெயர் போடும் மரியாதையும் கிடைக்க 1975 வரை ஆனது, அதுவும் பெரிய போராட்டத்துக்குப் பிறகு.

இப்போது புத்தகத்தை நானே நூறு பிரதி மட்டும் அச்சடிக்கலாம் என்று இருக்கிறேன். ஐம்பது, நூறு பிரதி அச்சடித்துத் தரும் அச்சகங்கள் இருக்கின்றன, மொத்தமாக அடித்து வீட்டில் அடுக்கி வைக்க வேண்டியது இல்லை. அட்டைக்கு அதே ஓவியரிடம்தான் போவேன், இந்த முறை ஒரே ஒரு படம். ஆனால் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், போன வாரம் முழுக் கதையும் படித்து முடித்தான். "சித்தி, ஞானதுரை கேக்குற கடைசிக் கேள்விக்குப் பேச்சி பதிலே சொல்லல. சண்டை போட்டு ஜெயிச்சிட்டா, அவ்வளவுதான். அந்த ஊருக்குத் தண்ணிக்கு என்ன வழி?" என்றான். மூன்று நாளாக அந்த அத்தியாயத்தைத்தான் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். பேச்சி உப்பை இழுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல தண்ணீர்தானே என்று நேற்று ராத்திரிதான் தோன்றியது. ஒரு ஊருக்கே தண்ணீர் கொடுக்க அவள் எத்தனை தடவை இழுக்க வேண்டும், அதில் அவள் உடம்பில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.